முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள், தங்கச்சி

கேள்வி:

அன்பின் அக்கா, நான் மட்டக்களப்பில் ஓர் அரச வைத்தியசாலையின் மருத்துவ வாட்டில் ஒன்பது வருடமாகத் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா. பிறகு வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டம் முடித்தேன். வயது 34. கணவர் கட்டாரில். மகள் இரண்டாம் வகுப்பு. என் அம்மா கூட இருக்கிறார். மேலே படிக்க ஆசை. ஆனால் மேசையில் இருந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. நோயாளிகளை விட்டு விலகவும் விருப்பமில்லை. டிஎன்பி என்று ஒரு கலாநிதிப் பட்டம் இருப்பதாகவும், அது வாட்டில் நிற்கிற தாதியருக்கானது என்றும் கேள்விப்பட்டேன். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். 14 மாதம், முழுக்க ஒன்லைன், லைசன்ஸ் தேவையில்லை, முடித்தால் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' போடலாம் என்கிறார்கள். 9 இலட்சம் ரூபா, தவணையில் கட்டலாம். தாலிக்கொடியை அடகு வைத்தால் முதல் தவணைக்குக் காணும். மிச்சத்துக்குச் செங்கலடியில் ஒரு துண்டு வளவு இருக்கிறது. செய்யட்டுமா? என்ன இருந்தாலும் பிஎச்டிதான் பெரிது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். எது எனக்குச் சரி?

பதில்:

அன்பின் தங்கச்சி,

கொடியைக் கழற்ற வேண்டாம். வளவையும் விற்க வேண்டாம். அந்த விளம்பரக்காரருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். இதை மட்டும் பிந்தாமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

ஆனால் உங்கள் ஆசை நல்ல ஆசை. "நோயாளிகளை விட்டு விலக விருப்பமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். டிஎன்பி, அதாவது 'டொக்டர் ஒஃப் நர்சிங் பிராக்டிஸ்' என்ற பட்டம், அப்படி நினைக்கிற தாதியரை மனதில் வைத்து உண்டாக்கியதுதான். அது என்ன படிப்பு என்று வரைவிலக்கணம் சொல்வதைவிட, எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

மண்முனையில் பாலம் வருவதற்கு முந்திய காலம். படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையில், ஏறித்தான் இக்கரைக்கு வர வேண்டும். நான் அப்போது பெண்கள் மருத்துவ வாட்டில் இருந்தேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சீனி வருத்தம். மாத்திரைக்கு அடங்காததால் இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்கள். அவரை வீட்டுக்கு விடுகிற நாள், காலை பதினொரு மணி. டயக்னோசிஸ் கார்ட் எழுதி முடிந்துவிட்டது, மருந்தும் எடுத்தாயிற்று, பாதையைத் தவறவிடக் கூடாதென்று மகன் வாசலில் நின்று அந்தரப்படுகிறார். நான் கட்டிலடியில் நின்று ஊசி போடுகிற முறையை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று அந்த அம்மா தலையாட்டினார். எனக்குத் திருப்தி. அறிவுறுத்தல் வழங்கப்பட்டது என்று டிக்கெட்டில், அதுதான் நோயாளர் குறிப்பேட்டில், எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியப்புறம் அதே அம்மாவை மயக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிக் கண் விழித்த பிறகு உடம்பைத் துடைத்துவிட்டேன். அப்போது தொப்புளுக்கு இடப்பக்கம் என் விரலில் ஒரு தடிப்புப் பட்டது. ஒரு பாக்கு அளவு இருக்கும். அமர்த்தினால் அவருக்கு நோகவில்லை. "இதிலதான் மிஸ் ஒவ்வொரு நாளும் குத்துறனான். இதில குத்தினா நோகாது. நேத்துத்தான் மருமகள் மற்றப் பக்கம் குத்திவிட்டவ" என்றார்.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன கொழுப்பிலிருந்து இன்சுலின் ஒழுங்காக ஊறாது. ஊறாததால் சீனி ஏறும். ஏறுகிறதென்று கிளினிக்கில் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டிய அளவை முதல் முறையாக நல்ல தோலில் குத்தியதும் முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்த வயிற்றை ஒருவரும் விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. இடத்தை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும் என்று நான் சொன்னேனா என்றால், சொன்னேன். அவருக்கு விளங்கியதா என்று நான் பார்க்கவில்லை. ஊசியை அவர் கையில் கொடுத்து "ஒருக்கா செய்து காட்டுங்க அம்மா" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது என் பிழை. இன்றைக்கும் அந்தத் தடிப்பு என் விரல் நுனியில் இருக்கிறது.

பல வருடம் கழித்து, குடும்பத்தோடு அமெரிக்கா போய் அங்கே படிக்கும்போதுதான், நான் செய்யத் தவறிய காரியத்துக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. 'டீச்பேக்' என்பார்கள். சொன்னதை நோயாளியே தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், தன் கையால் செய்து காட்ட வேண்டும். அதுவரை நாம் சொல்லிக்கொடுத்ததாகக் கணக்கில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மாவின் வயிற்றுத் தடிப்பை ஒரு பிஎச்டி மாணவியும் ஒரு டிஎன்பி மாணவியும் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். பிஎச்டி மாணவி இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைத் தேடுவார். நம் பெண்கள் ஊசியையும் நோவையும் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள், அந்த விளக்கம் அவர்கள் மருந்தெடுக்கும் விதத்தை எப்படி மாற்றுகிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்து புதிய அறிவு ஒன்றைக் கொண்டுவருவார். டிஎன்பி மாணவி கேட்பது வேறு. இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது ஏன் இந்த அம்மாவின் வயிறு வரை வந்து சேரவில்லை? காலை பதினொரு மணிக்கு என் வாட்டில் எதை மாற்றினால் அது வந்து சேரும்? மாற்றிய பிறகு, சேர்ந்தது என்று எதை அளந்து காட்டுவேன்? நான் இடமாற்றம் பெற்றுப் போன பிறகும் அது நடக்குமா? படிப்பு முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான்.

ஆகவே எது பெரிது, எது சிறிது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இரண்டும் கலாநிதி மட்டந்தான், வேலைதான் வேறு.

வரலாறு நீண்டதில்லை. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகம் 2001இல் இந்தப் பட்டத்துக்கு முதல் மாணவர்களைச் சேர்த்தது. 2004 ஒக்டோபரில் அமெரிக்கத் தாதியக் கல்லூரிகளின் சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது. நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்தெழுதும் தாதி), மயக்க மருந்துத் தாதி போன்ற உயர்நிலைத் தாதியருக்கான படிப்பை முதுமாணியிலிருந்து இந்தக் கலாநிதி மட்டத்துக்கு 2015க்குள் உயர்த்த வேண்டும் என்பது இலக்கு. 2015 வந்து போய்விட்டது, இலக்கு முழுதாக நிறைவேறவில்லை. இன்றும் முதுமாணிப் பட்டத்தோடு நர்ஸ் பிராக்டிஷனராக வேலை செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். மயக்க மருந்துத் தாதியத்தில் மட்டும் 2022 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேருகிற எல்லோரும் கலாநிதி மட்டத்தில்தான் படிக்க வேண்டும். அமெரிக்காவிலேயே எல்லோருக்கும் கட்டாயமாகாத பட்டம் இது. நீங்கள் பின்தங்கிவிட்டதாகப் பதற ஒன்றுமில்லை.

இந்தப் படிப்பின் முள்ளந்தண்டு இரண்டு விஷயம். ஒன்று, இளமாணிக்குப் பிறகு, பெரும்பாலான படிப்புகளில் 1000 மணித்தியாலம் போல, மேற்பார்வையோடு செய்யும் களப்பயிற்சி. முதுமாணியில் செய்த மணித்தியாலங்களையும் இதில் சேர்ப்பார்கள். ஏற்கெனவே முதுமாணி முடித்தவருக்கு முழுநேரமாக ஒன்றரை இரண்டு வருடமும், இளமாணியிலிருந்து நேரே போகிறவருக்கு மூன்று நான்கு வருடமும் எடுக்கிறது. மற்றது, செயற்றிட்டம். உண்மையான ஒரு வைத்தியசாலையில், உண்மையான ஒரு குறையை எடுத்து, திருத்தி, அளந்து காட்ட வேண்டும்.

என்னுடைய செயற்றிட்டம் இதயம் பலவீனமான நோயாளர் வீடு போகும் நேரத்தைப் பற்றியது. கொக்கட்டிச்சோலை அம்மாதான் எனக்கு அந்தத் தலைப்பைத் தந்தவர் என்று சொல்ல வேண்டும். இந்த நோயாளர் தினமும் காலையில் நிறை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் நிறை திடீரென்று ஏறினால் உடம்பில் நீர் கட்டுகிறது, உடனே அறிவிக்க வேண்டும். இதை எல்லாத் தாதியரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் மாற்றியது ஒன்றுதான்: சொல்லி முடித்த பிறகு, "நாளைக்குக் காலையில் எழும்பியதும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினோம். முதல் வாரமே ஒரு வயோதிபர், "எல்லாம் விளங்கியது, ஆனால் என் வீட்டில் தராசு இல்லையே" என்றார். அவர் அதே வாட்டுக்கு முன்பும் பல தடவை வந்து போனவர். ஒரு தடவைகூட அவரிடம் யாரும் தராசு இருக்கிறதா என்று கேட்டதில்லை. பிறகு தராசு கொடுத்து அனுப்ப ஒழுங்கு செய்தோம். அதற்குப் பட்ட பாடு தனிக் கதை. கூட வேலை செய்தவர்களில் சிலர், ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இன்னொரு படிவமா என்று கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டு பழைய படிவங்களை எடுத்துவிட்டுத்தான் என் ஒன்றை உள்ளே வைக்க முடிந்தது. டிஎன்பியில் நான் உண்மையில் கற்றது அதைத்தான்.

சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். லைசன்ஸ் தேவையில்லை என்கிறார்கள். அமெரிக்காவின் ஒழுங்கான டிஎன்பிப் படிப்புகள் பெரும்பாலும் கேட்கும் முதல் ஆவணமே அந்த நாட்டு மாநிலம் ஒன்றில் பெற்ற தாதியர் பதிவு. பதிவு இல்லாதவரை எந்த நோயாளியிடம் அனுப்பி 1000 மணித்தியாலம் பழக்குவது? முழுக்க ஒன்லைன் என்கிறார்கள். பாடங்களை ஒன்லைனில் நடத்துகிற நல்ல பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆனால் அவையும் களப்பயிற்சிக்கு நேரில் நிற்க வேண்டும் என்றே கேட்கும். களப்பயிற்சியே இல்லாத டிஎன்பி என்பது நீரில் இறங்காமல் கொடுத்த நீச்சல் சான்றிதழ். 14 மாதம் என்ற கணக்கும் முதுமாணி இல்லாத உங்களுக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்கத் தாதியப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் முக்கிய அமைப்புகள் சிசிஎன்இ, ஏசிஇஎன் என்பவை. இரண்டின் இணையத்தளத்திலும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள பெயர் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்ததாக, நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதி, அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறார்களா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். முகவர் தொலைபேசியில் "ஓம், ஏற்றுக்கொள்வார்கள்" என்று சொல்வதை நம்பிவிட வேண்டாம். 9 இலட்சம் என்பது நைட் டியூட்டியும் ஓவர்டைமும் செய்து நீங்கள் சேர்க்கும் காசு. கணவர் கட்டார் வெயிலில் நின்று சேர்க்கும் காசு.

இனி, உண்மையான பாதை. அதைச் சொல்லுமுன் உங்களிடம் ஒரு கேள்வி: இன்னும் பத்து வருடத்தில் எங்கே நின்று வேலை செய்ய நினைக்கிறீர்கள்? பட்டத்தின் பெயரை இந்தப் பதில்தான் தீர்மானிக்கும். கணவரோடும் அம்மாவோடும் இதை முதலில் பேசி முடியுங்கள்.

அமெரிக்கா போவதுதான் குடும்பத்தின் முடிவு என்றால், வரிசை இது. முதலில் உங்கள் டிப்ளோமாவையும் பட்டத்தையும் அங்கத்தைய மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று சரிபார்க்க வேண்டும். பெரியவர், சிறுவர், மகப்பேறு, உளநலம் என்று ஒவ்வொரு துறையிலும் எத்தனை மணித்தியாலம் வகுப்பு, எத்தனை மணித்தியாலம் வாட்டு என்று பயிற்சிக் கல்லூரி எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதம் கையில் வர மாதக்கணக்காகலாம், ஆகவே மற்ற எதற்கும் முன்னால் அதைக் கேட்டு வையுங்கள். பிறகு ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஈடி என்ற ஆங்கிலப் பரீட்சை. பிறகு தாதியர் பதிவுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை. அதை இந்தியாவில் போய் எழுதலாம். பதிவு கிடைத்து அங்கே வேலைக்குப் போய்ச் சில வருடம் நின்ற பிறகு டிஎன்பிக்கு விண்ணப்பிப்பது நல்லது. தாதியரின் கல்விச் செலவில் ஒரு பங்கைப் பொறுப்பேற்கிற வைத்தியசாலைகள் அங்கே நிறைய உண்டு. நேரே மாணவர் விசாவில் போகலாமே என்று நினைப்பீர்கள். அந்த விசாவில் ஒரு தவணைக்கு ஒரு பாடத்தைத்தான் ஒன்லைனில் எடுத்ததாகக் கணக்கில் சேர்ப்பார்கள். மிச்சம் நேரில் இருக்க வேண்டும். டிஎன்பியில் பாதிக்கு மேல் ஒன்லைனில் நடத்துகிறவர்களே அதிகம் என்பதால் இது பொருந்துகிற இடம் குறைவு. செலவும் சும்மா இல்லை. 30,000 டொலர் என்று வைத்தாலே, டொலருக்கு 300 ரூபா கணக்கில் 90 இலட்சம். அதற்கு மேல் கேட்கிற பல்கலைக்கழகங்களும் ஏராளம். செங்கலடி வளவு அதற்குக் காணாது, தங்கச்சி.

மட்டக்களப்பிலேயே நிற்பது என்றால் நான் சொல்வது வேறு. உங்கள் கடிதத்தில் கட்டாருக்கோ அமெரிக்காவுக்கோ போகிற ஆசையை நான் காணவில்லை, வாட்டைத்தான் கண்டேன். நம் தாதிய சேவையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பதவி இல்லை. அங்கே அந்தப் பிரிவில் டிஎன்பி முடித்தவர் நோயாளியைத் தனியே பரிசோதித்து மருந்தெழுதப் பழகுகிறார். திரும்பி வந்தால் அந்தக் கைப்பழக்கத்தை இங்கே சட்டப்படி பாவிக்க இடமில்லை. நாலு வருடம் பழகிய வேலையைச் செய்ய முடியாமல் இருப்பது மனதை அரிக்கிற விஷயம். நிர்வாகம், தர மேம்பாடு என்ற பிரிவுகளில் எடுத்த டிஎன்பி இங்கேயும் கைகொடுக்கும். ஆனால் அதற்காகப் பதவியோ சம்பளமோ தானாக உயராது.

இங்கே உங்களுக்கு நான் சொல்லும் பாதை முதுமாணி. நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் 12 மட்டம் இருக்கிறது. கலாநிதி 12ஆம் மட்டம். பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். கலாநிதி வரை போகும் எண்ணம் இருந்தால் 10ஆம் மட்டத்தையே எடுங்கள். ஒரு வருடம் மிச்சம் என்று 9ஐ எடுத்துவிட்டுப் பின்னால் கவலைப்பட்டவர்களை நான் அறிவேன். உங்கள் இளமாணி 5ஆம் மட்டமா 6ஆம் மட்டமா என்பதையும் சான்றிதழை வைத்து இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேருகிற நிபந்தனை அதைப் பொறுத்து மாறும்.

அதற்குப் பிறகு பிஎச்டி. முகத்தைச் சுளிக்க வேண்டாம்! பிஎச்டி என்றால் நோயாளியை விட்டுவிட்டு மேசைக்குப் போவது என்று யாரோ உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உங்கள் வாட்டில் ஒரு மாற்றத்தைச் செய்து, அது ஏன் ஓரிடத்தில் வேலை செய்கிறது, ஏன் இன்னோரிடத்தில் செய்யவில்லை என்று ஆராய்வதும் பிஎச்டிதான். அப்படிப்பட்ட கேள்வியை விரும்பும் மேற்பார்வையாளர் ஒருவரைக் கண்டுபிடித்தால் டிஎன்பியில் நீங்கள் தேடுவது இதிலேயே கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் எண்ணம் பிறகு வந்தாலும் பிஎச்டி கேள்விக்கு இடமில்லாமல் செல்லும். நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் நான்கு வருடத் தாதியப் பட்டம் நடக்கிறது. வாட்டு தெரிந்த, தமிழில் நோயாளியோடு பேசத் தெரிந்த ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தொழில்சார் கலாநிதிப் பட்டங்கள் உண்டு. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக, தன் வேலைத்தளத்தையே களமாக வைத்துச் செய்வது. முதுமாணி முடிந்த பிறகு அதையும் பார்க்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே, ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். உங்கள் வாட்டிலிருந்து இன்சுலினோடு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர் வேண்டாம், கட்டில் இலக்கமும் வேண்டாம். திகதி, வயது, எந்தப் பக்கத்து ஆள். ஊசியைத் தன் கையால் செய்து காட்டினாரா? ஏற்கெனவே ஊசி போடுகிறவரென்றால் வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பார்த்தீர்களா, தடிப்பு இருந்ததா? வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, இல்லையென்றால் மருந்தை எங்கே வைப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். திறந்த இன்சுலினை நான்கு வாரம் போல் அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று பெட்டியில் பொதுவாக இருக்கும்; அந்த அறை வெப்பம் என்பது, மருந்தைப் பொறுத்து, 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாததுதான். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ தகரக் கூரைக்குக் கீழே என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஈரமணல் போட்ட முட்டிக்குள் வைக்கச் சொல்வது நல்ல வழி. ஆனால் அவர்கள் வீட்டில் முட்டி இருக்கிறதா, தினமும் தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டால்தான் அந்த ஆலோசனைக்குப் பெறுமதி.

முப்பது வரி சேரட்டும். பிறகு வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் காட்டுங்கள். அவருடைய சம்மதத்தோடு வைத்திய நிபுணரிடம். உங்கள் வைத்தியசாலையிலும் தர முகாமைத்துவப் பிரிவு இருக்கும். ஃபைவ் எஸ், கைசன் என்று வேலைத்தளத்தைச் சீராக்கும் முறைகளைப் பற்றி அவர்கள் பேசுவது பழகிய விஷயந்தான். அவர்களிடம் போய், "இந்த முப்பது பேரில் இத்தனை பேருக்குத்தான் செய்து காட்டும் சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது. இதை மாற்றிப் பார்க்க விரும்புகிறேன்" என்று கேளுங்கள். ஒரே ஒரு மாற்றம். உதாரணமாக, பதினொரு மணி அந்தரத்தில் சொல்லிக்கொடுப்பதை விட்டு, முதல் நாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், வீட்டில் ஊசி போடப்போகிற மகளோ மருமகளோ பக்கத்தில் நிற்கும்போது சொல்லிக்கொடுப்பது. இரண்டு கிழமை செய்து, எண்ணி, சரிவராததைத் திருத்தி, திரும்பச் செய்வது. பிறகு கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே பணிப்பாளரின் அனுமதியும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் எடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

இப்படி ஒரு வருடம் செய்தால் முதுமாணி நேர்முகத்தில் "ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்கும்போது நீங்கள் யோசிக்கத் தேவையிருக்காது. செய்து பார்த்து, எண்ணுவதும் எழுதுவதும் உங்களுக்கு அலுப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாலும் அதுவும் நல்லதே. 9 இலட்சம் கட்டிக் கண்டுபிடிக்க வேண்டியதைச் சில நூறு ரூபாவில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

'டொக்டர்' என்று போடுவதைப் பற்றியும் கேட்டீர்கள். கலாநிதிப் பட்டம் முறையாகப் பெற்றவர் கல்வி உலகில் கலாநிதி என்று போடுவது அவருடைய உரிமை. வாட்டில் அப்படியில்லை. கலிஃபோர்னியாவில் மருத்துவரல்லாதவர்கள் நோயாளர் முன்னால் தம்மை டொக்டர் என்று சொல்லிக்கொள்வதைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. நான் அங்கேயும் சரி, இங்கேயும் சரி, கட்டிலடியில் என் பெயரைச் சொல்லி "நான் தாதி" என்றுதான் சொல்கிறேன். நம் அம்மாமார் "மிஸ்" என்று கூப்பிடுகிற குரலில் இருக்கிற நம்பிக்கை எனக்குப் போதும்.

வயதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 34 ஒரு வயதா! நான் முதுமாணி தொடங்கும்போது உங்களைவிட மூத்தவள், இரண்டு பிள்ளைகள். மகள் இரண்டாம் வகுப்பு என்பதுதான் நான் யோசிக்கிற இடம். ஏழு மணிக்கு நைட் முடிந்து வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்குப் புத்தகம் திறந்தால் எழுத்து ஓடாது, நித்திரைதான் வரும். எனக்கு வந்தது. அம்மாவோடும் கணவரோடும் கிழமையில் எந்த இரண்டு நேரம் உங்களுடையது என்று முன்கூட்டியே பேசி ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் சமையலும் இல்லை, தொலைபேசியும் இல்லை. இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள் இரண்டாம் தவணையில் நின்றுபோவதை நிறையக் கண்டிருக்கிறேன், அவர்கள் ஒருவரும் கெட்டித்தனம் குறைந்தவர்கள் இல்லை.

கொப்பியின் முதல் இரண்டு கிழமைப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நோயாளர் பெயர் எதுவும் இல்லாமல். எந்த நிரல் தேவையில்லை, எதைக் கூட்ட வேண்டும் என்று இருவருமாகப் பார்ப்போம். தடிப்பு உள்ள ஒருவரைக் கண்டால், அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள். இடத்தை மாற்றும்போது இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டிவரலாம்.

அன்புடன்,
அக்கா
கல்லடி